கற்பிப்போர் கற்கும் அரைப்பங்கு

ஆசிரியப் பெருமக்கள் கூடும் இந்த நன்னாளுக்கென மலரும் தொகுப்பில் ஆசிரியரின் கல்வி வளர்ச்சி பற்றி எழுதுமாறு விழாக் குழுவினர் பணித்தார்கள். அதைப் பேறாகக் கருதி நன்னூலின் துணையோடு இதனைத் தொடங்குகிறேன். 13ஆம் நூற்றாண்டில் சீயகங்கனின் வேண்டுகோளை ஏற்றுச் சமண முனிவர் பவணந்தியார் இயற்றிய அந்நூலில், பாயிரப் பகுதி மட்டும் 55 நூற்பாக்கள் கொண்டது. நல்லாசிரியருக்கு அங்கே சொல்லப்படும் நிலம், மலை முதலிய உவமைகளை நம்மில் மனப்பாடம் செய்யாதவர் இல்லை. ஆதலால் அவற்றை விரிக்கவில்லை. பாடம் கேட்டலின் வரலாற்றில் வரும் ஒரு கணக்கையே எடுத்துக்கொள்கிறேன். அதன் ஆழம் போதிய அளவு பேசப்படவில்லை என்பது என் துணிபு.

ஆசான் சொன்னதை எவ்வளவு செம்மையாக உள்வாங்கினாலும் மாணாக்கனுக்குக் கிட்டுவது புலமையில் காற்பங்குதான் என்கிறார் பவணந்தியார். உடன் பயில்வோரோடு பழகி ஆய்வதால் இன்னொரு காற்பங்கு சேரும். எஞ்சிய அரைப்பங்கு, கற்றதைப் பிறருக்குச் செவ்வையாக எடுத்துரைக்கும்போதுதான் வாய்க்கும். இந்தக் கணக்கின்படி, பட்டமும் பயிற்சிச் சான்றும் பெற்று வகுப்பறைக்குள் நுழைபவர் பாதிப் புலமையோடுதான் நுழைகிறார். மறுபாதி அவர் கற்பிக்கும் பணிக்குள்ளேயே இருக்கிறது. ஆகவே ஆசிரியர் தமக்கென வகுத்துக்கொள்ளும் கற்றல் இலக்கு தம் பாடவேளையிலிருந்தே பிறக்க வேண்டும். எடுத்துரைப்பதில் சென்று முடிய வேண்டும். பாடம் சொல்லும் முறையை வகுக்குமிடத்திலும், தெய்வத்தை வாழ்த்திய பின், சொல்லவிருக்கும் பொருளை முதலில் உள்ளத்தில் அமைத்துக்கொள்ளுமாறு நன்னூல் பணிக்கிறது. வழிபாட்டுக்கு அடுத்த இடத்தை ஆயத்தத்துக்கு அளித்த மரபு நம்முடையது.

இதற்குச் சான்று வேண்டுவோர் 1880ஆம் ஆண்டின் கும்பகோணத்தைப் பார்க்கலாம். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பல்லாண்டு பாடம் கேட்ட உ.வே. சாமிநாதையர் அவ்வாண்டில்தான் அங்குள்ள அரசினர் கல்லூரியில் தமிழாசிரியரானார். புராணங்களிலும் பிரபந்தங்களிலும் அவர் கற்றவை ஏராளம். ஆனால் சேலம் இராமசாமி முதலியார் என்ற தமிழன்பர் சமணக் காப்பியமான சீவக சிந்தாமணியைப் பற்றிக் கேட்டபோது, தாம் பயின்ற நூல்களுக்கு அப்பால் ஓர் உலகம் இருப்பது அவருக்குப் புலனாயிற்று. முழுதும் கற்றுத் தேர்ந்த பிறகு பாடம் சொல்லலாம் என்று அவர் காத்திருக்கவில்லை. முதலியாருக்கே அந்நூலைப் பாடம் சொல்லத் தொடங்கினார். சொல்லும்போதுதான் விளங்காத இடங்கள் எவையென்று தெளிவாயிற்று. சைவச் சூழலில் வளர்ந்த அவர் ஊரிலிருந்த சமண அன்பர்களை நாடிச் சென்று அவர்களுடைய சமயக் கருத்துகளைக் கேட்டறிந்தார், ஏடுகளை ஒப்பிட்டார். 1887இல் சிந்தாமணி நச்சினார்க்கினியர் உரையோடு அச்சேறியது. கல்லூரிப் பணியில் இருந்துகொண்டே 1889இல் பத்துப்பாட்டையும் 1892இல் சிலப்பதிகாரத்தையும் 1894இல் புறநானூற்றையும் வெளியிட்டார். சமணர் செய்த நன்னூலுக்குச் சங்கர நமச்சிவாயர் எழுதிய விருத்தியுரையைச் சிவஞான முனிவர் திருத்தியதும், ஆறுமுக நாவலர் அந்நூலுக்குக் காண்டிகையுரை கண்டதும் இங்கே நினைக்கத்தக்கவை. கல்விக்கு முன் சமய வேலி எழுப்பாத பெரியோரின் வழிவந்தவர்கள் நாம்.

ஐயரவர்கள் அரிதாகத் தோன்றிய பேரறிஞர். அவரை எல்லா ஆசிரியருக்கும் அளவுகோலாக்கலாமா என்று கேட்கக்கூடும். அவருடைய சாதனையின் அளவை நான் யாரிடமும் எதிர்பார்க்கவில்லை. அவர் சென்ற முறையைத்தான் சுட்டுகிறேன். ஒரு நூல், அதில் தெளிவாக உணர்ந்த ஒரு குறை, கேட்டறிய நாலு பேர், எடுத்துரைக்க ஓர் இடம் என்ற நான்கே அதில் உள்ளவை. ஐந்தாம் வகுப்பு ஆசிரியருக்கும் இது பொருந்தும். நான்கில் ஒரு பங்கைவிட எட்டில் ஒரு பங்குதான் பெரிது என்று குழந்தைகள் பலர் எண்ணுகிறார்கள். எட்டு நான்கைவிடப் பெரிய எண் அல்லவா? இந்த மயக்கம் எங்கிருந்து வருகிறது, எந்தப் பொருளைக் கையில் கொடுத்தால் தீரும், தீர்ந்ததைக் குழந்தையின் எந்த விடை காட்டும் என்று ஆராய்வதை ஓர் ஆசிரியர் தம் ஆண்டு இலக்காகக் கொள்ளலாம். ‘கற்பித்தல் திறனை மேம்படுத்துவேன்’ என்று எழுதுவதில் இலக்கே இல்லை. எதைச் செய்தால் அது நிறைவேறும் என்பது எழுதியவருக்கே தெரியாது. ஜப்பானிய ஆசிரியர்கள் ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக இவ்வகைப் பாட ஆய்வைச் செய்துவருகிறார்கள். பலர் கூடி ஒரே பாடத்தைத் திட்டமிடுவார்கள். அவர்களில் ஒருவர் நடத்த, மற்றவர்கள் மாணவரைக் கவனித்துப் பின்னர் கூடி ஆராய்வார்கள். பவணந்தியார் சொன்ன இரண்டாம் காற்பங்கும் எஞ்சிய அரைப்பங்கும் இதில் ஒருங்கே அமைகின்றன.

தேசியக் கல்விக் கொள்கை 2020 ஒவ்வோர் ஆசிரியரும் ஆண்டுக்குக் குறைந்தது 50 மணி நேரம் தொழில்சார் கற்றலில் ஈடுபட வேண்டும் என்கிறது. அது அவரவர் ஆர்வத்தை ஒட்டி அமைய வேண்டும் என்றும் சேர்த்தே சொல்கிறது. மணிக்கணக்கை மட்டும் பிடித்துக்கொண்டு ஆர்வத்தை விட்டுவிட்டால், ஏற்கெனவே கேட்டு முடித்த முதற் காற்பங்கையே திரும்பத் திரும்பக் கேட்டதாக முடியும். பதிவேடுகளும் இணையப் பதிவுகளும் நேரத்தை விழுங்குகின்றன என்ற முறையீடு நியாயமானது. அச்சுமையைக் குறைப்பது ஆள்வோர் கடமை. ஆனால் ஆண்டுக்கு ஒரு பாட அலகைத் தேர்ந்துகொள்வதற்குச் சுமை முழுதும் இறங்கும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. தாமே வகுக்கும் இலக்கை எப்படி அளப்பது என்று அதிகாரிகள் கேட்பதுண்டு. அதைப் பதவி உயர்வோடும் ஊதியத்தோடும் பிணைக்காதீர்கள் என்பதே என் விடை. பிணைத்தால், எளிதில் நிறைவேறும் இலக்குகளே ஏட்டில் ஏறும். தெரியாததைத் தெரியாது என்று சொல்ல எவரும் துணியமாட்டார்.

ஆதலால் ஆசிரிய உடன்பிறப்புகளே, இந்தக் கல்வியாண்டில் உங்கள் மாணவர் தொடர்ந்து தடுமாறும் ஒரே ஓர் இடத்தைத் தேர்ந்தெடுங்கள். அதைத் தெளிவுபடுத்தக்கூடியவர் வயதில் இளையவராயினும் தயங்காமல் அணுகுங்கள். உங்கள் வகுப்பைக் கவனிக்க உடன் பணியாற்றும் ஒருவரை அழையுங்கள். கண்டறிந்ததைக் குறுவள மையக் கூட்டத்தில் கால்மணி நேரம் எடுத்துரையுங்கள். தீராத ஐயங்களையும் அங்கேயே சொல்லுங்கள்.