ஒரு லட்சம் அலகு: விமானத்தில் காயமுற்றோர் இழப்பீடும் 2011 கேரளத் தீர்ப்பின் மறுவாசிப்பும்

2010 மே 22 அன்று துபாயிலிருந்து வந்த ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானம் மங்களூர் ஓடுபாதையைத் தாண்டிப் பள்ளத்தில் விழுந்தது. 158 பேர் இறந்தனர், எட்டுப் பேர் பிழைத்தனர். அதையொட்டி விமான இழப்பீட்டுச் சட்டம் பற்றி எழுந்த ஆய்வுகள் பெரும்பாலும் இறந்தோரின் குடும்பத்தை மனத்தில் வைத்தே எழுதப்பட்டவை. அது இயல்புதான். ஆனால் காயத்தோடு பிழைத்தவரின் இடத்தில் நின்று அதே சட்டத்தைப் படித்தால், பாதிக்கப்பட்டோரின் தோல்வி என்று இன்றுவரை சொல்லப்படும் ஒரு தீர்ப்பு வேறு விதமாகப் பொருள்படுகிறது. இக்கட்டுரை அந்த ஒரு தீர்ப்பைப் பற்றியது.

1972ஆம் ஆண்டின் வான்வழிப் போக்குவரத்துச் சட்டத்தில் மான்ட்ரியல் உடன்படிக்கை மூன்றாம் அட்டவணையாகச் சேர்ந்துள்ளது. விபத்து நடந்தபோது அதன் 21ஆம் விதி குறிப்பிட்ட வரம்பு ஒரு லட்சம் சிறப்பு எடுப்புரிமை அலகு, அன்றைய மதிப்பில் ஏறத்தாழ 75 லட்சம் ரூபாய். 2011 ஜூலையில் கேரள உயர் நீதிமன்றத்தின் தனி நீதிபதி, இறந்த ஒவ்வொருவருக்கும் இத்தொகை குறைந்தபட்சமாகவே கிடைக்க வேண்டும் என்றார். அடுத்த மாதமே இரு நீதிபதிகள் அமர்வு அதை மாற்றியது. விதி குறைந்தபட்சத் தொகை எதையும் நிர்ணயிக்கவில்லை, நிரூபிக்கப்படும் நட்டத்துக்கே இழப்பீடு என்றது. அமர்வு ‘விமான நிறுவனத்தின் பக்கம் சாய்ந்தது’ என்ற வாசிப்பு அன்று தொடங்கி இன்றும் பாடம்போல் ஓதப்படுகிறது.

இந்த வாசிப்பு தவறு என்பது என் துணிபு. அமர்வு சொன்ன காரணங்கள் எல்லாவற்றையும் நான் ஏற்கவில்லை. முடிவை மட்டுமே ஏற்கிறேன், அதுவும் விதிகளின் அமைப்பை வைத்து.

முதலில், மரணத்தையும் உடற்காயத்தையும் 17ஆம் விதியின் முதல் உட்பிரிவு ஒரே மூச்சில் சொல்கிறது. 21ஆம் விதி அந்த உட்பிரிவை அப்படியே சுட்டுகிறது. அங்குள்ள ஒரு லட்சம் குறைந்தபட்சம் என்றால், அது இரண்டுக்கும் குறைந்தபட்சமாக வேண்டும். மேல்தட்டிலிருந்து பெட்டி விழுந்து நெற்றியில் இரண்டு தையல் போட்டவருக்கும் 75 லட்சம், முதுகெலும்பு முறிந்தவருக்கும் அதிலிருந்துதான் தொடக்கம். எந்த நீதிமன்றமும் இதற்கு உடன்படாது. ஆகவே நடைமுறையில் அந்தக் குறைந்தபட்சம் மரணத்துக்கு மட்டும் என்று சுருங்கிவிடும். காயமுற்றவர் எந்த அளவுகோலும் இல்லாமல் நிற்பார். குறைந்தபட்ச வாசிப்பின் ஆதரவாளர்கள் இந்தக் கேள்விக்கு விடை சொன்னதை நான் படித்ததில்லை.

இரண்டாவது சான்று இன்னும் வலுவானது, ஆனால் அதிகம் பேசப்படாதது. பயணியின் சொந்த அசட்டையும் காயத்துக்குக் காரணமானால் அந்த அளவுக்குப் பொறுப்பு குறையும் என்கிறது 20ஆம் விதி. அதன் கடைசி வாக்கியம், இது 21ஆம் விதியின் முதல் உட்பிரிவுக்கும் பொருந்தும் என்று பெயர் சொல்லியே சேர்க்கிறது. இருக்கைப் பட்டை போடச் சொல்லி விளக்கு எரிந்தும் எழுந்து நின்றவருக்கு ஒரு லட்சத்துக்குள்ளேயே தொகை குறையலாம். குறைக்கத் தக்கதென்று சட்டமே சொல்லும் ஒன்றைக் குறைந்தபட்சம் என்று எப்படிக் கொள்வது?

அப்படியானால் அந்த ஒரு லட்சம் எதற்கு? நிரூபணச் சுமை மாறும் இடம் அது என்று படிப்பதே பொருத்தம். அதற்கு உட்பட்ட நட்டத்துக்கு, தன்மீது தவறில்லை என்று நிறுவனம் வாதிட முடியாது. அதற்கு மேற்பட்டதற்கு வாதிடலாம், ஆனால் தன் கவனக்குறைவு இல்லை என்றோ முழுக்க மூன்றாமவர் தவறு என்றோ நிறுவனமே மெய்ப்பிக்க வேண்டும். பயணி இரண்டு கட்டத்திலும் மெய்ப்பிக்க வேண்டியது விபத்தையும் அதனால் நேர்ந்த நட்டத்தையும் மட்டுமே. எண் எவ்வளவு என்பது இங்கு இரண்டாம்பட்சம். அது 2019 டிசம்பரில் 1,28,821 ஆகவும், 2024 டிசம்பரில் 1,51,880 ஆகவும் உலக அளவில் உயர்ந்தபோதும் இந்த அமைப்பு மாறவில்லை.

இனி, ‘நிரூபிக்கப்படும் நட்டம்’ என்றால் என்ன? அமர்வு இதை விரிக்கவில்லை. அதைக் குறையென்று பார்ப்பதைவிட, திறந்துவிட்ட வாசல் என்று பார்க்கலாம். வான்வழிச் சட்டத்தில் நட்டத்தைக் கணக்கிடும் முறை இல்லாததால், நம் சட்டத்தில் ஏற்கெனவே உள்ள முறையை நாடியாக வேண்டும். அது மோட்டார் வாகன இழப்பீட்டுச் சட்டம். மங்களூரில் இறந்த ஒருவரின் குடும்பத்துக்கு 2020 மார்ச் 4 அன்று சுமார் 7.64 கோடி ரூபாயும் 9 விழுக்காடு வட்டியும் வழங்கிய உச்ச நீதிமன்றம், மோட்டார் விபத்து வழக்கான பிரணய் சேத்தி தீர்ப்பின் வருவாய்க் கணக்கையே கையாண்டது. மரணத்துக்கு அது செல்லுமென்றால், காயத்துக்கு 2010ஆம் ஆண்டின் ராஜ்குமார் தீர்ப்பு செல்லாமல் போக நியாயமில்லை. இதை நேரடியாகச் சொல்லும் தீர்ப்பு இல்லாதவரை இது அனுமானம்தான், ஆனால் தயங்க வேண்டிய அனுமானம் அல்ல.

ராஜ்குமார் தீர்ப்பின் உயிர், உறுப்பின் ஊனத்தையும் சம்பாத்தியத்தின் ஊனத்தையும் பிரித்ததில் இருக்கிறது. இடக்கை போன தச்சருக்குப் பிழைப்பே போய்விடும், அதே கை போன அரசு எழுத்தர் வேலையில் தொடரலாம் என்று அது காட்டுகிறது. இதை யானைக்கவுனிக்குக் கொண்டு வருவோம். சௌகார்பேட்டையை ஒட்டிய சந்துகளில் மாடியறைப் பட்டறையில் உட்கார்ந்து ஒரு கையில் ஊதுகுழலும் மறு கையில் கொறடுமாக நகைக்குப் பத்தவைக்கிற ஒருவர், சிங்கப்பூரிலிருந்து திரும்பும் விமானம் குலுங்கியதில் வலது மணிக்கட்டை முறித்துக்கொண்டார் என்று கொள்வோம். ஸ்டான்லி போன்ற அரசு மருத்துவமனையின் மருத்துவக் குழு பதினைந்து விழுக்காடு ஊனம் என்று சான்று தரலாம். கொறடு பிடிக்க முடியாதவருக்கு அந்தப் பதினைந்து எதைச் சொல்கிறது? அவர் வால்டாக்ஸ் சாலையில் பார்சல் லாரி மோதி அதே மணிக்கட்டை முறித்திருந்தால், உயர் நீதிமன்ற வளாகத்துச் சிறுவழக்கு நீதிமன்றத்தில் அமரும் தீர்ப்பாயம் அவர் தொழிலைக் கேட்டே கணக்குப் போட்டிருக்கும். காயம் வானத்தில் பட்டது என்பதற்காக அந்தக் கேள்வி கேட்கப்படாமல் போகக் கூடாது. குறைந்தபட்ச வாசிப்பு இந்தக் கேள்விக்கே இடம் வைக்கவில்லை.

நுகர்வோர் ஆணையம் இதற்கு ஏற்ற மன்றமா என்பார்கள். வான்வழிச் சட்டப்படி ஆணையமும் நீதிமன்றமே என்று உச்ச நீதிமன்றம் 2011 செப்டம்பரில் சொல்லிவிட்டது. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் சட்டம் வசிக்கும் ஊரிலேயே புகார் தர வழி செய்கிறது. மன்றத்தைத் தீர்மானிப்பது கேட்கும் தொகையன்று, கொடுத்த கட்டணம். எனவே சில ஆயிரம் ரூபாய் டிக்கெட்டில் வந்தவர் அரைக்கோடி கேட்டாலும் மாவட்ட ஆணையத்திலேயே, புகார்க் கட்டணமின்றி, கேட்கலாம். நிறுவனங்களின் காப்பீட்டுச் செலவு ஏறும் என்ற வாதத்தைக் காப்பீட்டாளர்களுக்கே விட்டுவிடலாம்.

உள்நாட்டுப் பயணத்துக்கு 2014ஆம் ஆண்டு அறிவிக்கை வைத்த வரம்பு 20 லட்சம். 2022 மே 1 அன்று மும்பையிலிருந்து துர்காபூர் சென்ற ஸ்பைஸ்ஜெட் விமானம் குலுங்கிக் காயமுற்றவர்கள் இந்த வரம்புக்கு உட்பட்டவர்களே. ஒரே வானில் இரண்டு அளவுகோல் என்பது தனியே எழுத வேண்டிய பொருள்.

கடைசியாக ஒரு நடைமுறைச் சிக்கல். 2024 மே மாதம் லண்டனிலிருந்து வந்த சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் விமானம் குலுங்கியபோது, சிறு காயத்துக்கு 10,000 டாலரும், பெருங்காயத்துக்கு முன்பணமாக 25,000 டாலரும் தர நிறுவனம் முன்வந்தது. முன்பணம் பொறுப்பை ஒப்புக்கொண்டதாகாது, பின்னர் கழித்துக்கொள்ளலாம் என்கிறது 28ஆம் விதி. அதை வாங்குவதில் தவறில்லை. ‘முழுத் தீர்வு’ என்று அச்சிட்ட ரசீதில் கையெழுத்திடுவதுதான் வேறு காரியம். மேலும் 35ஆம் விதிப்படி விமானம் சேர்ந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் வழக்கிடாவிட்டால் உரிமையே அற்றுப்போகும். நுகர்வோர் சட்டத்தில் தாமதத்தை மன்னிக்க இடமுண்டு, இங்கு அதை நம்ப முடியாது. நிரந்தர ஊனச் சான்றோ சிகிச்சை முடிந்து எலும்பு கூடிய பிறகே கிடைக்கும். ஆகவே புகாரை முதலில் தாக்கல் செய்துவிட்டுச் சான்றையும் சிகிச்சை தந்த மருத்துவரின் சாட்சியத்தையும் பிறகு கொண்டுவருவதே முறை. ஆயத்தமாகக் கிடைக்கும் ஊனச் சான்றிதழ்களை நம்ப வேண்டாம் என்று தீர்ப்பாயங்களை எச்சரித்ததும் அதே ராஜ்குமார் தீர்ப்புதான்.