இருபத்தொன்றுக்குக் கீழே

இளைஞருக்கு அரசாங்கத்தில் இடம் வேண்டும் என்று எல்லாக் கட்சிகளும் பேசுகின்றன. அந்த இடம் எப்போது, எவ்வளவு அளந்து கொடுக்கப்பட்டது என்பதைத் தமிழ்நாட்டின் சரித்திரத்தில் வைத்துப் பார்க்க விரும்புகிறேன்.

1965 ஜனவரியில் இந்தியை எதிர்த்துத் தெருவுக்கு வந்த கல்லூரி மாணவர்களில் பெரும்பாலோருக்கு ஓட்டு கிடையாது. அரசியல் சாசனத்தின் 326ஆவது பிரிவு அப்போது 21 வயதைக் கேட்டது. ஜனவரி 27 அன்று சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழக மாணவர் ராஜேந்திரன் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இறந்தார். பக்தவத்சலம் அரசாங்கத்துக்கு எல்லாம் ஒழுங்குப் பிரச்சினையாகவே தெரிந்தது. குரலைக் கேட்கச் சட்டத்தில் வழியில்லாதபோது அது வெறும் கூச்சலாகத்தான் காதில் விழும்.

வழி இருந்தது என்று சிலர் மேல்சபையின் பட்டதாரித் தொகுதிகளைக் காட்டலாம். 171ஆவது பிரிவின்படி மேல்சபையில் பன்னிரண்டில் ஒரு பங்கு அவர்களுடையது. ஆனால் பட்டம் பெற்று 3 வருஷம் ஆனவருக்கே ஓட்டு. உறுப்பினராக 30 வயது வேண்டும். படிப்புக்குப் பிரதிநிதித்துவம் தந்த ஏற்பாடு, படித்துக்கொண்டிருப்பவனை வாசலிலேயே நிறுத்தியது. 1986 நவம்பர் 1இல் மேல்சபை போயிற்று. மாணவன் எதையும் இழக்கவில்லை.

1967இல் விருதுநகரில் மாணவர் தலைவர் பெ. சீனிவாசன் காமராஜரை 1,285 ஓட்டில் தோற்கடித்தார். இதை இளைஞரின் வெற்றி என்று எழுதுவது வழக்கம். எனக்கு வேறு மாதிரிப் படுகிறது. 1965இல் 19 வயதாயிருந்தவன் 1967இல் வாக்காளன். மாணவனாக அவன் சொன்னது, வயது நிரம்பிய பிறகே கணக்கில் சேர்ந்தது. கோபம் இரண்டு வருஷம் தாங்கியதால் பலித்தது. தாங்காமல் போன கோபங்களுக்குச் சரித்திரம் இல்லை.

ஓட்டு வயதை 18 ஆக்கிய 61ஆவது திருத்தத்தைப் பாராளுமன்றம் 1988 டிசம்பரில் நிறைவேற்றியது. அது அமலுக்கு வந்தது 1989 மார்ச் 28இல். இடையில், ஜனவரி 21இல், தமிழ்நாட்டுச் சட்டசபைத் தேர்தல் நடந்து முடிந்திருந்தது. 18 வயதுக்காரர் தம் மாநில அரசைத் தேர்ந்தெடுக்க 1991 வரை காத்திருக்க நேர்ந்தது.

பிறகும் ஏணிதான். 18இல் ஓட்டு, 1993இல் அமலான 73ஆவது திருத்தப்படி 21இல் பஞ்சாயத்து உறுப்பினர், 25இல் எம்.எல்.ஏ. கடைசிப் படியையும் 18க்கு இறக்கலாம் என்று 2023இல் பாராளுமன்ற நிலைக்குழு ஒன்று சிபாரிசு செய்தது. தேர்தல் கமிஷன் சம்மதிக்கவில்லை. அந்த வயதில் அனுபவமும் முதிர்ச்சியும் எதிர்பார்க்க முடியாது என்பது காரணம்.

அனுபவம் என்பதை நாம் கடந்துபோன வருஷங்களைக் கொண்டே அளக்கிறோம். ஒரு முடிவின் பலனை இனிமேல் அனுபவிக்கப்போகிறவனுக்கு அதில் ஒரு பாத்தியதை உண்டு என்பதை இந்த அளவுகோல் காணாது. ஆட்சிமொழி எதுவானாலும் அதில் பரீட்சை எழுதி வேலை தேட வேண்டியவர்கள் 1965இன் மாணவர்கள், மந்திரிகள் அல்ல. 1968 ஜனவரியில் சட்டசபை இருமொழித் தீர்மானத்தை நிறைவேற்றியது. மூன்று வருஷத்துக்கு முன் கூச்சலாயிருந்தது, கையெழுத்தும் முத்திரையும் பெற்று முதிர்ச்சியாகிவிட்டது.