தொடையெலும்பு முறிவு: அறுவைக்கு உகந்த நேரம்

தொடையெலும்பின் தண்டு முறிந்தால் அதை எப்போது அறுவை செய்து பொருத்துவது? 1939க்குப் பிறகு இதற்கான விடை மூன்று முறை மாறியிருக்கிறது.

அதற்கு முன் அவசரமே இல்லை. நாட்டு வைத்தியரின் புத்தூர்க் கட்டின் மூங்கில் பத்தை முன்கைக்குத் தாங்கும். தொடைத் தசை இழுக்கிற இழுப்புக்கு நிற்காது. முறிந்த முனைகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறி, கால் குட்டையாகிவிடும். ஆஸ்பத்திரியிலோ முழங்காலுக்குக் கீழே எலும்பில் கம்பி செருகி, கட்டில் முனைக் கப்பியில் எடை தொங்கவிடுவார்கள். எடைக்கல் இல்லாத இடத்தில் செங்கல். நோயாளி இரண்டு மூன்று மாதம் மல்லாந்தே கிடக்க வேண்டும்.

1939இல் ஜெர்மனியின் கீல் நகரில் கெர்ஹார்டு கூண்ட்ஷர் எலும்பின் மஜ்ஜைக் குழிக்குள் எஃகு ஆணியை இறக்கினார். வழி கிடைத்தும் மருத்துவர்கள் தயங்கினார்கள். மஜ்ஜைக் கொழுப்பு ரத்தத்தில் கலந்து நுரையீரலை அடைக்கும் என்ற பயம்; இவ்வளவு அடிபட்டவரை மேசையில் ஏற்றலாமா என்ற கேள்வி.

லாரன்ஸ் போன் குழுவினர் 1989இல் வெளியிட்ட ஆய்வு அந்தப் பயத்தைத் தலைகீழாக்கியது. 178 நோயாளிகளில் ஒரு பகுதியினருக்கு 24 மணி நேரத்துக்குள்ளும் மற்றவர்களுக்கு 48 மணி நேரம் கழித்தும் அறுவை நடந்தது. பல இடங்களில் அடிபட்டவர்களில், காத்திருந்தவர்களுக்கே நுரையீரல் சிக்கல் அதிகம். பயந்ததற்கு நேர் எதிர்!

பிறகு எல்லாருக்கும் உடனே ஆணி என்று ஆனது. 1993இல் ஹனோவரின் மருத்துவர் பேப் குறுக்கிட்டார்: நெஞ்சிலும் பலத்த அடி இருந்தால், உடனே குழியைக் குடைந்து ஆணி இறக்குவதே நுரையீரலைக் கெடுக்கலாம். அத்தகையோருக்கு முதலில் எலும்பை வெளியிலிருந்து பிடித்து நிறுத்தும் வெளிச்சட்டம், உடல் தேறியபின் ஆணி என்ற முறை அதன்பின் பரவியது. இன்று கடிகாரத்தோடு, உடல் எவ்வளவு தேறியது என்று அறிய ரத்தத்தின் லாக்டேட் அளவையும் பார்க்கிறார்கள்.

தேனி மாவட்டம் காமயகவுண்டன்பட்டியின் திராட்சைத் தோட்டச் சாலையில் பைக் கவிழ்ந்தவருக்கு இந்த நேரக் கணக்கு விழுந்த இடத்திலேயே தொடங்கிவிடுகிறது. ஒன்று, ஒன்றரை லிட்டர் ரத்தம் வெளியே தெரியாமல் தொடைக்குள்ளேயே தேங்கக்கூடும். அருகே இருப்பது கம்பம். அங்கிருந்து தேனி ஏறத்தாழ 40 கி.மீ.; 2004இல் தொடங்கிய அரசு மருத்துவக் கல்லூரி அதையும் தாண்டி க.விலக்கில். 2021 டிசம்பரில் தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம்’ திட்டம் சாலை விபத்துக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையை இலவசமாக்கியது. ஆய்வில் வரும் 48க்கும் இதற்கும் முடிச்சுப் போட வேண்டாம். ஆனால் பணம் புரட்ட ஊருக்குள் அலையும் நேரமும் அறுவைக்கு முந்தைய நேரம்தான்.