புயவலியும் புரதமும்

பெங்களூர் மாநகரின் வடமேற்கில், தும்கூர் நெடுஞ்சாலையை ஒட்டி விரிந்து கிடப்பது பீன்யாத் தொழிற்பேட்டை. 1970களில் வளரத் தொடங்கிய இப்பகுதியில் லேத்துப் பட்டறைகளும், வார்ப்படச் சாலைகளும், ஆயத்த ஆடைத் தொழிற்சாலைகளும் நெருங்கி நிற்கின்றன. கன்னட நாட்டுச் சிற்றூர்களிலிருந்தும், நம் தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கங்களிலிருந்தும், அண்மைக் காலமாக வடமாநிலங்களிலிருந்தும் வந்தோர் இங்கே உழைக்கின்றனர். இவர்களுக்குக் கையும் காலுமே மூலதனம். அந்தக் கைகாலுக்குக் கேழ்வரகுக் களியும் பருப்புச் சாறும் போதுமா, அல்லது புலால் வேண்டுமா என்பது பழைய வினா. அதற்கு விடை தேடிய ஆராய்ச்சியில் பெரும்பங்கு நம் தென்னாட்டிலேயே, குன்னூரிலும் மைசூரிலும் பெங்களூரிலும், நடைபெற்றது என்பதை நேயர்களில் பலர் அறிந்திருக்கமாட்டார்கள்.

வினா தோன்றிய இடம் ஐரோப்பா. ஜெர்மானிய ரசாயன மேதை லீபிக் 1842இல் வெளியிட்ட நூலில், தசை வேலை செய்யும்போது தன் புரதத்தையே எரிக்கிறது என்று கூறினார். அப்படியாயின் உழைப்பவனுக்குப் புலாலே தலையாய உணவு என்று ஆகிவிடும். 1865இல் பிக், விஸ்லிசேனஸ் என்னும் இருவர் புரதமே இல்லாத உணவை உண்டு சுவிட்சர்லாந்தின் பவுல்ஹார்ன் சிகரத்தில் ஏறினர். தம் சிறுநீரிலுள்ள நைட்ரஜனை அளந்து பார்த்தபோது, மலையேறியதற்கான சக்தி புரதத்திலிருந்து வந்திருக்க முடியாது என்று தெளிவாயிற்று. தசையைக் கட்டப் புரதம் வேண்டும். ஓட்டுவதற்கு மாவும் கொழுப்பும் போதும். இவ்வளவு தெளிவான சோதனைக்குப் பின்னரும் பழைய கருத்து எளிதில் மறையவில்லை.

நம் நாட்டில் அக்கருத்து வேறொரு வேடம் பூண்டது. கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் உடலியல் பேராசிரியராயிருந்த டேவிட் மக்கே, வங்கத்துச் சிறைச்சாலைகளின் உணவை ஆராய்ந்து, 1912இல் ஒரு நூல் எழுதினார். சோறுண்ணும் வங்காளியின் உடல்மெலிவுக்கும், ஊக்கக் குறைவு என்று அவர் கருதியதற்கும் புரதக் குறைவே காரணம் என்பது அவர் முடிவு. "வீர இனம்", "வீரமற்ற இனம்" என்று மக்களைப் பிரித்துப் படைக்கு ஆள் சேர்த்த ஆட்சிக்கு இந்த முடிவு இனித்திருக்கும் என்று நாம் ஊகிக்கலாம்.

இந்தச் சூழலில்தான் நீலகிரியின் குன்னூரில் ராபர்ட் மக்காரிசன் தம் எலிகளை வளர்த்தார். 1920களில் அவர் இந்தியாவின் பல பகுதி மக்கள் உண்ணும் உணவை எலிக் கூட்டங்களுக்குத் தனித்தனியே அளித்து நிறுத்துப் பார்த்தார். சீக்கியர் உணவை உண்டவை முதலிடம் பெற்றன. சென்னை மாகாணத்து உணவை உண்டவை கடைசியில் நின்றன. அவற்றுக்குச் சற்றே மேலாக வங்காளமும் கன்னட நாடும். இச்செய்தியைக் கேட்டு "புலால் வென்றது" என்று பலர் முடிவு கட்டினர். ஆனால் சீக்கியர் தட்டைக் கூர்ந்து பாருங்கள்: தவிடு நீக்காத கோதுமைச் சப்பாத்தி, பால், வெண்ணெய், பருப்பு, காய்கறி, வாரத்துக்கு ஒருமுறை மட்டும் புலால். நம்மவர் தட்டிலோ தீட்டிக் கழுவிய வெள்ளரிசி, பேருக்குப் பாலும் மோரும். மக்காரிசன் மற்றொரு கூட்டத்துக்கு இங்கிலாந்து ஏழையரின் உணவை அளித்தார்: வெள்ளை ரொட்டி, மார்கரின், சர்க்கரையிட்ட தேநீர், வேகவைத்த கிழங்கு, அத்துடன் தகர டப்பா இறைச்சி. புலால் இருந்தும் அவ்வெலிகள் மெலிந்தன. ஒன்றையொன்று கொன்று தின்னவும் தலைப்பட்டன.

குன்னூர்க் கூடம் 1958இல் ஐதராபாத்துக்குப் பெயர்ந்தது. இன்று தேசிய சத்துணவு நிறுவனமாக விளங்குவது அதுவே. அதற்கு முன்பே மைசூரில் மற்றொரு பணி தொடங்கிவிட்டது. பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தில் பணியாற்றிய வி. சுப்பிரமணியன், 1950இல் மைசூரில் அமைந்த மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையத்தின் முதல் இயக்குநரானார். நிலக்கடலை மாவு முக்கால் பங்கு, கடலை மாவு கால் பங்கு கலந்து, உயிர்ச்சத்துக்களும் சுண்ணாம்புச் சத்தும் சேர்த்த பல்நோக்கு உணவு அங்கே உருவாயிற்று. எண்ணெய் பிழிந்த பின் மாட்டுக்கும் வயலுக்கும் போகும் பிண்ணாக்கை மனிதரின் தட்டுக்குக் கொணர்ந்த முயற்சி அது.

புரதம் என்பது ஒரே பொருளன்று என்பதும் அதற்குள் விளங்கிவிட்டது. பல அமினோ அமிலங்கள் கோத்த சரமே புரதம். அவற்றுள் ஒன்பதை உடல் தானே செய்துகொள்ள இயலாது; உணவிலிருந்தே பெறவேண்டும். கதம்பம் தொடுப்பவளிடம் மருக்கொழுந்து தீர்ந்துவிட்டால், கூடையில் மல்லிகையும் கனகாம்பரமும் எவ்வளவு மீதியிருந்தாலும் அந்தக் கதம்பம் நீளாது. மீந்த பூ வாடிப்போகும். அரிசி, கேழ்வரகு, கோதுமை உண்போருக்கு இவ்வாறு முதலில் தீர்ந்துபோவது லைசின் என்னும் அமிலம். பாலிலும் புலாலிலும் அது மிகுதி, பருப்பிலும் மிகுதி.

நாளொன்றுக்கு எவ்வளவு லைசின் வேண்டும்? 1985இல் உலக நிறுவனங்களின் நிபுணர் குழு, வளர்ந்தவருக்கு உடல் எடையில் கிலோ ஒன்றுக்கு 12 மில்லிகிராம் போதும் என்றது. மேல்நாட்டார் உடலில் நைட்ரஜன் வரவுசெலவைக் கணக்கிட்டுப் பெற்ற அளவு அது. அமெரிக்காவில் வெர்னன் யங் இதை ஐயுற்றார். பெங்களூர் செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரியில் அனுரா குர்பாதும் துணைவர்களும் அவருடன் சேர்ந்து, நம் நாட்டு இளைஞர்களைக் கொண்டே இதைச் சோதித்தனர். இளைஞர்கள் குறித்த அளவு லைசின் உள்ள உணவை ஒரு வாரம் உண்டனர். பின்னர் கன கார்பன் அடையாளமிட்ட லூசின் என்னும் மற்றோர் அமினோ அமிலம் அளிக்கப்பட்டு, ஒரு நாள் முழுவதும் அவர்கள் மூச்சுக்காற்று ஆராயப்பட்டது. லைசின் போதாவிடில் லூசின் சரத்தில் சேராமல் எரிந்து மூச்சில் வெளிப்படும். வாடிய மல்லிகையை எண்ணி மருக்கொழுந்தின் குறையை அறிவது போன்ற உபாயம்! விடை கிலோவுக்கு ஏறத்தாழ 30 மில்லிகிராம் என வந்தது. இம்முடிவுகளின் துணையுடன் 2007இல் வெளிவந்த உலக அறிக்கையும் 30 என்றே மாற்றி எழுதியது.

இந்த எண் மாற்றம் பீன்யாத் தொழிலாளியின் தட்டை எப்படித் தொடுகிறது என்று கணக்கிட்டுப் பார்ப்போம். அறுபது கிலோ எடையுள்ளவர் நாளொன்றுக்கு 400 கிராம் கேழ்வரகு உண்டால் ஏறக்குறைய 800 மில்லிகிராம் லைசின் கிட்டும். பழைய அளவின்படி அவருக்கு வேண்டியது 720 மட்டுமே. ஆகவே களியொன்றே போதும், கூலியும் போதும் என்று ஒருவர் வாதிட்டிருக்கலாம். புதிய அளவோ 1,800. களி அதில் பாதியைக்கூட எட்டவில்லை. 60 கிராம் துவரம்பருப்பைச் சேர்த்தால் இன்னும் சுமார் 870 கிட்டுகிறது. ஒரு குவளைப் பாலோ ஒரு முட்டையோ சேர்ந்தால் கணக்கு நேராகிறது. புலால் இல்லாமலும் நேராகிறது என்பதைக் கவனியுங்கள். ஆயின் பருப்பு இல்லாமல் ஆவதில்லை. விலை ஏறும்போது தட்டில் முதலில் நீர்த்துப்போவதும் பருப்புச் சாறுதான்.

புலாலுக்கு உரிய சிறப்பையும் மறைத்தல் தகாது. உண்டதில் எவ்வளவு உடலில் சேர்கிறது என்பதையும் அதே பெங்களூர்க் கூடத்தார் 2018இல் வெளியிட்டனர். கோழி இறைச்சியின் அமினோ அமிலங்கள் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் சேர்ந்தன. முட்டையும் ஏறத்தாழ அவ்வாறே. தோலுடன் கூடிய பச்சைப்பயறு பத்தில் ஆறு பங்கையும் எட்டவில்லை. தோல் நீக்கியபோது சுமார் ஒரு பங்கு கூடிற்று. ஆகவே மரக்கறி உண்பவர் சற்றுக் கூடுதலான அளவே உண்ணவேண்டும்.

தசை வளர்ப்பையே நோக்கமாகக் கொண்டவர் நிலை என்ன? பெங்களூருக்கு இத்துறையும் புதிதன்று. 1930இலேயே தசைப்பயிற்சி பற்றி நூல் எழுதி, வியாயாமசாலை நடத்திய கே. வி. ஐயர் இவ்வூரினர், "சாந்தலா" என்னும் கன்னட நாவலை எழுதியவரும் அவரே. இன்றைய பயிற்சிக் கூடங்களின் வாயிலில் புரதப்பொடி டப்பாக்கள் அடுக்கியிருக்கின்றன. பிரேசில் நாட்டில் 38 இளைஞரைக் கொண்டு நடத்திய ஆராய்ச்சி 2021இல் வெளிவந்தது. அவர்களுள் பாதிப்பேர் பால், முட்டையையும் விலக்கியவர். மறுபாதியினர் எல்லாம் உண்போர். இருசாராரும் கிலோவுக்கு 1.6 கிராம் புரதம் உண்டு, பன்னிரண்டு வாரம் பளுப்பயிற்சி செய்தனர். தசை வளர்ச்சியில் வேறுபாடு காணப்படவில்லை. ஆனால் அறுபது கிலோ எடையுள்ளவருக்கு அவ்வளவு புரதம் நாளொன்றுக்கு 96 கிராம். அதை எட்ட அவர்கள் சோயாப் பொடியையும் பாற்புரதப் பொடியையும் சேர்த்துக்கொண்டனர். நாம் சொன்ன களியும் பருப்பும் சேர்ந்து தருவது சுமார் 42 கிராமே.

செயின்ட் ஜான்ஸ் கூடத்தார் நெடுநாள் அரைவயிறு உண்டு மெலிந்த ஆடவரையும் சோதித்தனர். அவர்களுக்கு லைசின் குறைவாகவே வேண்டியிருக்கும் என்று நினைக்கத் தோன்றும். 2003இல் வெளிவந்த விடை கிலோவுக்கு 44 மில்லிகிராம். நல்லுடல் படைத்தோரின் தேவையைப் போல் ஏறத்தாழ ஒன்றரை மடங்கு. பின்னர் 2015இல் வெளிவந்த ஆய்வில், மெலிந்த பள்ளிச் சிறுவர்களுக்குக் குடற்புழு மருந்து கொடுத்தபோது அவர்களின் லைசின் தேவை 43இலிருந்து 36 ஆகக் குறைந்தது. உண்டதில் ஒரு பகுதி அதுவரை புழுக்களுக்கும், அவை உண்டாக்கிய கேட்டுக்கும் போய்க்கொண்டிருந்தது.