ஒரு திறந்த மடலும் ‘இசைவு’ என்ற சொல்லும்

1979 செப்டம்பர் 16 ஆம் நாளிட்ட மடல் ஒன்று இந்தியத் தலைமை நீதிபதிக்கு எழுதப்பட்டது. கையொப்பமிட்டவர்கள் நால்வர். உபேந்திர பக்ஷி, லோதிகா சர்க்கார், ரகுநாத் கேல்கர் ஆகிய மூவரும் தில்லிப் பல்கலைக்கழகச் சட்ட ஆசிரியர்கள். வசுதா தாகம்வார் புனேப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர். மடல் பேசிய வழக்கில் அவர்கள் எத்தரப்பினரும் அல்லர். வழக்கோ முந்தைய ஆண்டே உச்ச நீதிமன்றத்தில் முடிந்துவிட்டது. ஆயினும் விடுதலை இந்தியாவின் சட்டப் புலமை வரலாற்றில், சில பக்கங்களே கொண்ட அம்மடல் அளவுக்குச் சட்டத்தை அசைத்த எழுத்துகள் மிகச் சில.

வழக்கின் நிகழ்வுகள் 1972 மார்ச் 26 அன்று, மகாராஷ்டிரத்தின் அன்றைய சந்திரபூர் மாவட்டத்திலிருந்த தேசாய்கஞ்ச் காவல் நிலையத்தில் நடந்தவை. பெற்றோரை இழந்து, வீட்டு வேலை செய்து பிழைத்த ஒரு பழங்குடிச் சிறுமி. வயது பதினான்குக்கும் பதினாறுக்கும் இடையே. தான் வேலை செய்த வீட்டாரின் உறவினரான இளைஞரை மணக்க விரும்பினார். தங்கையைக் கடத்த முயல்வதாக அண்ணன் புகார் அளிக்க, அனைவரும் இரவில் காவல் நிலையத்துக்கு அழைத்துவரப்பட்டனர். வாக்குமூலங்கள் பதிவானபின் மற்றவர்கள் வெளியே அனுப்பப்பட்டனர். சிறுமி மட்டும் உள்ளே நிறுத்தப்பட்டார். காவலர் ஒருவர் தன்னை வன்புணர்ந்ததாகவும், மது அருந்தியிருந்த தலைமைக் காவலர் பாலியல் சீண்டலில் ஈடுபட்டதாகவும் அவர் கூறினார்.

1974 இல் அமர்வு நீதிமன்றம் இருவரையும் விடுவித்தது. சிறுமி ஏற்கெனவே உடலுறவுப் பழக்கம் உடையவர் என்பது அத்தீர்ப்பில் பெரும் எடை பெற்றது. 1976 இல் பம்பாய் உயர் நீதிமன்றத்தின் நாகபுரி அமர்வு அதை மாற்றிக் காவலருக்கு 5 ஆண்டும் தலைமைக் காவலருக்கு 1 ஆண்டும் சிறைத் தண்டனை விதித்தது. அச்சத்தால் செயலற்றுப்போய் உடலை ஒப்புக்கொடுப்பது வேறு, விரும்பி இசைவது வேறு என்பது உயர் நீதிமன்றத்தின் நிலைப்பாடு. 1978 செப்டம்பர் 15 அன்று நீதிபதிகள் ஜஸ்வந்த் சிங், கைலாசம், கோஷல் அடங்கிய உச்ச நீதிமன்ற அமர்வு அதைத் தள்ளி இருவரையும் விடுவித்தது. உடலில் காயம் இல்லை. எனவே எதிர்ப்பு இல்லை. உடன் வந்தவர்கள் அருகில் இருந்தும் சிறுமி அவர்களிடம் முறையிடவில்லை; எனவே மரண அச்சமோ காய அச்சமோ மெய்ப்பிக்கப்படவில்லை. இவையே தீர்ப்பின் அடிப்படைகள்.

மடல் இத்தீர்ப்பைச் சட்டத்தின் மொழியிலேயே எதிர்கொண்டது. அதன் மைய வாதம் எளியது: இசைவில் பணிவு அடங்கியிருக்கலாம், ஆனால் பணிவு அனைத்தும் இசைவு ஆகாது. எதிர்ப்பின் தடயம் இல்லாமை பணிவைக் காட்டலாமேயன்றி இசைவைக் காட்டாது. இரவில், காவல் நிலையத்துக்குள், இரு காவலர்களின் பிடியில் இருக்கும் ஒரு சிறுமி கூக்குரலிட்டுத் தப்பியிருக்க வேண்டும் என்று நாட்டின் உச்ச நீதிமன்றம் எதிர்பார்க்கிறதா என நால்வரும் கேட்டனர். சிறுமியின் வயது, வறுமை, சட்டமறியா நிலை, காவல் நிலையங்களில் ஏழையரை ஆட்டிப்படைக்கும் அச்சம் ஆகிய எதுவும் தீர்ப்பில் கணக்கிடப்படவில்லை என்று சுட்டினர். அதே ஆண்டு ஏப்ரலில் நந்தினி சத்பதி வழக்கில், பெண்களை விசாரணைக்காகக் காவல் நிலையத்துக்கு அழைப்பதை இதே நீதிமன்றம் கண்டித்திருந்ததையும் நினைவூட்டினர். பெரிய அமர்வு ஒன்று வழக்கை மீண்டும் கேட்க வேண்டும் என்பது அவர்களின் கோரிக்கை.

இன்று ஒரு தீர்ப்பை விமர்சிப்பது அன்றாடக் காரியம். அன்று அப்படியில்லை. நீதித்துறையை விமர்சித்துப் பேசியதற்காக இ.எம்.எஸ். நம்பூதிரிபாடு மீதான நீதிமன்ற அவமதிப்புத் தீர்ப்பை 1970 இல் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்து, அபராதத்தை மட்டும் 50 ரூபாயாகக் குறைத்திருந்தது. முடிந்துபோன தீர்ப்பை நேர்மையான முறையில் விமர்சிப்பதற்கு 1971 ஆம் ஆண்டின் அவமதிப்புச் சட்டம் பாதுகாப்பு அளித்தது உண்மையே. எனினும் தலைமை நீதிபதியின் பெயருக்கே எழுதி அதைப் பகிரங்கப்படுத்துவது சட்ட ஆசிரியர்களின் வழக்கத்தில் இல்லாத செயல்.

மடலைத் தெருவுக்குக் கொண்டுசென்றவர்கள் பெண்கள் அமைப்பினர். 1980 இல் பம்பாயில் வன்புணர்வுக்கு எதிரான மன்றம் ஒன்று உருவானது. அவ்வாண்டு மார்ச் 8 மகளிர் நாளில் பல நகரங்களில் மறுவிசாரணை கோரி ஊர்வலங்கள் நடந்தன. ஏப்ரலில் சட்ட ஆணையம் தன் 84 ஆவது அறிக்கையை அளித்தது. நாடாளுமன்றக் கூட்டுக் குழுவின் ஆய்வுக்குப் பின் 1983 ஆம் ஆண்டின் குற்றவியல் திருத்தச் சட்டம் வந்தது. காவல் நிலையம், மருத்துவமனை போன்ற இடங்களில் பொறுப்பிலிருப்போர் செய்யும் வன்புணர்வுக்கும் கூட்டு வன்புணர்வுக்கும் குறைந்தது 10 ஆண்டுத் தண்டனை வகுக்கப்பட்டது. சாட்சியச் சட்டத்தில் 114ஏ பிரிவு சேர்ந்தது: அத்தகைய வழக்குகளில் உடலுறவு மெய்ப்பிக்கப்பட்டு, தான் இசையவில்லை என்று பெண் நீதிமன்றத்தில் கூறினால், இசைவு இல்லை என்றே நீதிமன்றம் அனுமானிக்க வேண்டும்.

வழக்கமாக வரலாறு இங்கே ஒரு வெற்றிக் கதையாக முடிக்கப்படுகிறது. ஆனால் 1983 ஆம் ஆண்டின் சட்டம் மடலின் கேள்விக்கு விடையளிக்கவில்லை. அதைச் சுற்றிக்கொண்டு போனது. மெய்ப்பிக்கும் சுமை குறிப்பிட்ட சில வழக்குகளில் இடம் மாறியதே தவிர, இசைவு என்றால் என்ன என்பது வரையறுக்கப்படவில்லை. காவல் நிலையத்துக்கு வெளியே, தனி ஒருவரால் வன்புணரப்பட்ட பெண்ணிடம் ‘ஏன் போராடவில்லை’ என்று கேட்பதற்குத் தடை ஏதும் இல்லை. புகார் கூறும் பெண்ணின் ஒழுக்கத்தைத் தாக்கி அவர் சாட்சியத்தைக் குலைக்க இடம் தந்த 155(4) பிரிவும் அப்படியே நின்றது. 2003 இல்தான் அது நீக்கப்பட்டது. எண்பதுகளில் பெண்களுக்கான சட்டங்கள் ஒன்றன்பின் ஒன்றாக இயற்றப்பட்டும் வாழ்நிலை அதற்கேற்ப மாறாததை ஃப்ளேவியா ஆக்னஸ் 1992 இல் கேள்விக்குட்படுத்தியதன் பின்னணி இதுவே.

விடை வர மேலும் ஒரு கொடுமை நிகழ வேண்டியிருந்தது. 2012 டிசம்பர் தில்லி நிகழ்வுக்குப் பின் அமைந்த நீதிபதி ஜே.எஸ். வர்மா குழு 2013 ஜனவரி 23 அன்று அறிக்கை அளித்தது. அவ்வாண்டின் திருத்தச் சட்டம் இசைவை ஐயத்துக்கிடமில்லாத, தன்விருப்பான உடன்பாடு என்று வரையறுத்தது. உடலளவில் எதிர்க்கவில்லை என்ற ஒரே காரணத்தால் ஒருவர் இசைந்தவராகக் கருதப்படமாட்டார் என்றும் விளக்கியது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 63 ஆவது பிரிவிலும் அவ்விளக்கம் தொடர்கிறது. நான்கு ஆசிரியர்கள் 1979 இல் எழுதிய ஒரு வாக்கியத்தின் பொருள் சட்டப் புத்தகத்தில் ஏற 34 ஆண்டுகள் ஆயின. திருமண உறவுக்குள் அது இன்னும் நுழையவில்லை. மனைவி பதினெட்டு வயது நிறைந்தவராயின் கணவனுக்கான விதிவிலக்கு இன்றும் சட்டத்தில் இருக்கிறது.

தண்டனையைக் கூட்டுவது அரசுக்கு எளிது. ஒரு சொல்லின் பொருளை மாற்றுவது கடினம். ஏனெனில் சொல்லின் பொருள் மாறும்போது, சாட்சிக் கூண்டில் நிற்கும் பெண்ணை நோக்கிக் கேட்கப்படும் கேள்வியும் மாற வேண்டும். சட்டப் புலமையின் உண்மையான பணி அந்த இரண்டாவது இடத்தில்தான் இருக்கிறது என்பதை 1979 ஆம் ஆண்டின் மடல் காட்டுகிறது. அதற்கு நால்வருக்கும் தேவைப்பட்டது புதிய கோட்பாடு அன்று. தீர்ப்பில் எழுதப்பட்டிருந்ததையும் எழுதாமல் விடப்பட்டதையும் ஒருங்கே வாசித்தார்கள்.

மடலின் கோரிக்கை நிறைவேறவில்லை. விடுதலைத் தீர்ப்பு மாற்றப்படவே இல்லை. தீர்ப்புத் தொகுப்புகளில் வழக்கு, விடுவிக்கப்பட்ட தலைமைக் காவலரின் பெயரில் ‘துக்காராம் எதிர் மகாராஷ்டிர மாநிலம்’ என்று நிற்கிறது. வகுப்பறைகளிலோ அது அச்சிறுமியின் பெயராலேயே அறியப்படுகிறது. பாதிக்கப்பட்ட பெண்ணின் அடையாளத்தை வெளியிடுவதைக் குற்றமாக்கிய 228ஏ பிரிவும் அதே 1983 ஆம் ஆண்டின் சட்டத்தின் வழியேதான் வந்தது. தன் வழக்கிலிருந்து பிறந்த அப்பாதுகாப்பு அவருக்கு மட்டும் கிட்டவில்லை. அவ்வழக்கைக் கற்பிப்போரும் கற்போரும் அப்பெயரை உச்சரிக்குமுன் ஒரு கணம் எண்ணிப்பார்க்க இதுவே போதிய காரணம்.