கைக்காசும் கத்தரியும்: நவீனத்துவ இதழ்களின் பெண் ஆசிரியர்கள்

எலியட், பவுண்ட், ஜாய்ஸ் ஆகிய பெயர்கள் 'எழுத்து' இதழின் காலத்திலிருந்தே தமிழ் விமரிசனத்துக்குப் பழக்கமானவை. அவர்களை முதலில் அச்சேற்றிய இதழ்களை நாம் அவ்வளவாக அறியோம். அந்த இதழ்களை நடத்தியவர்கள் பெண்கள் என்பதை அதைவிடக் குறைவாகவே அறிவோம். எலியட்டின் 'ப்ரூஃப்ராக்' வெளிவந்த 'பொயட்ரி'க்கு ஹாரியட் மன்ரோ ஆசிரியர். ஜாய்ஸின் முதல் நாவலும், மரபையும் தனித்திறனையும் பற்றி எலியட் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையும் வெளிவந்த 'ஈகோயிஸ்ட்' ஹாரியட் ஷா வீவர் பொறுப்பில் இருந்தது. 'யுலிஸிஸ்' தொடராக வந்த 'லிட்டில் ரிவ்யூ'வை மார்கரெட் ஆண்டர்சனும் ஜேன் ஹீப்பும் நடத்தினார்கள். 'தாராள மனம் படைத்த பெண்மணிகள்' என்று ஒரு வரியில் இவர்களுக்கு நன்றி சொல்லிவிட்டு மேதைகளிடம் போய்விடுவது இலக்கிய வரலாறுகளின் வழக்கம். அந்த ஒரு வரி போதாது.

1912 அக்டோபரில் சிகாகோவில் 'பொயட்ரி'யைத் தொடங்கியபோது மன்ரோவுக்கு ஐம்பது வயது கடந்திருந்தது. கவிதைக்கும் விலை உண்டு என்பதை அவர் நீதிமன்றம் வரை போய் நிலைநாட்டியவர். கொலம்பஸ் நினைவாகச் சிகாகோவில் நடந்த உலகக் கண்காட்சிக்கென அவர் எழுதிய பாடலை 'நியூயார்க் வோர்ல்டு' நாளேடு அனுமதியின்றி அச்சிட்டது. வழக்குத் தொடுத்து 5,000 டாலர் இழப்பீடு பெற்றார். இதழுக்கு முதல் திரட்டியதிலும் அதே பிடிவாதம்தான். ஊர்ப் பணக்காரர்களை ஒவ்வொருவராகப் போய்ப் பார்த்து, ஆண்டுக்கு 50 டாலர் வீதம் ஐந்தாண்டு தருவதாகச் சுமார் நூறு பேரிடம் வாக்கு வாங்கினார். எழுதியவர்களுக்குப் பணம் கொடுத்தார். மூன்றாவது இதழிலேயே, 1912 டிசம்பரில், தாகூரின் ஆறு கவிதைகள் வந்தன. நோபல் பரிசு அறிவிக்கப்படுவதற்கு ஏறக்குறைய ஓராண்டு முந்திய செய்தி இது. லண்டனிலிருந்து அவற்றை அனுப்பியவர் பவுண்ட்தான். ஆனால் அவர் அனுப்புவதற்கு ஓர் இடத்தை உண்டாக்கி வைத்திருந்தவர் மன்ரோ.

ஆனாலும் மன்ரோ என்றதும் எல்லாரும் சொல்வது அவருடைய தயக்கத்தைத்தான். 'ப்ரூஃப்ராக்' 1914 அக்டோபரிலேயே அனுப்பப்பட்டும் 1915 ஜூனில்தான் வெளிவந்தது. அதன் முடிவை மாற்றச் சொல்லிப் பார்த்தார், பவுண்ட் இணங்கவில்லை. வாலஸ் ஸ்டீவன்ஸின் 'ஞாயிறு காலை'யில் எட்டுப் பகுதிகளில் ஐந்தை மட்டுமே வெளியிட்டார். இந்த இரண்டாவது காரியம் பிழை என்பதே என் கருத்தும். ஆனால் எலியட்டின் 'பாழ்நில'க் கைப்பிரதியைப் பவுண்ட் ஏறத்தாழப் பாதியாகக் குறைத்ததைப் பற்றி எப்படிப் பேசுகிறோம்? மேதையின் கைவண்ணம் என்கிறோம். 1971-இல் அந்தக் கைப்பிரதி நூலாக வந்தபின் அதிலிருந்த அடித்தல் திருத்தல்கள்கூட ஆராய்ச்சிக்கு உரியவையாயின. பவுண்டின் வெட்டு நல்ல வெட்டு. அதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் ஆண் வெட்டினால் படைப்பு, பெண் வெட்டினால் கட்டுப்பெட்டித்தனம் என்றொரு கணக்கு நடுவில் புகுந்துவிட்டது.

பவுண்டும் எப்போதும் துணிந்தவராக இருக்கவில்லை. 'யுலிஸிஸ்' நான்காம் அத்தியாயத்தில் ப்ளூம் கழிப்பறையில் உட்கார்ந்திருக்கும் பகுதியில் பல வரிகளை, 'லிட்டில் ரிவ்யூ'வுக்கு அனுப்பும் முன்பே அவர் நீக்கிவிட்டார். பின்னர் அந்தத் தொடருக்காக நடந்த வழக்கில் கூண்டேறியவர்கள் ஆண்டர்சனும் ஹீப்பும்.

அந்த இதழ் 1914 மார்ச்சில் சிகாகோவில் பிறந்தது. வாடகைக்கு வழியில்லாத ஒரு காலத்தில் ஆண்டர்சன் மிச்சிகன் ஏரிக்கரையில் கூடாரம் போட்டுக் குடியிருந்தார். 1916 செப்டம்பர் இதழில் பல பக்கங்களை வெறுமையாகவே விட்டார்; அச்சிடத் தக்க படைப்பு வரவில்லை என்பதுதான் காரணம். பக்கம் நிரப்பத் திண்டாடும் ஆசிரியர் எவரும் பொறாமைப்படும் திமிர் இது. அதே ஆண்டு சேர்ந்த ஹீப்பின் குறிப்புகள் இதழுக்குக் கூர்மை சேர்த்தன. 1918 மார்ச்சில் 'யுலிஸிஸ்' தொடங்கியது. தபால் துறை சில இதழ்களைப் பறிமுதல் செய்து எரித்தது. 1920-இல் கடற்கரைக் காட்சி இடம்பெறும் அத்தியாயம் வந்ததும், நியூயார்க் ஒழுக்கக்கேடு ஒழிப்புச் சங்கத்தின் ஜான் சம்னர் வழக்குக்கு வழிசெய்தார். ஒரு பெண் பின்னால் சாய்வதும் ஓர் ஆண் அதைப் பார்ப்பதும் எங்கும் நடப்பதுதானே என்ற பொருளில் ஹீப் இதழில் நேரடியாக வாதாடி எழுதினார். அவர்களுடைய வழக்கறிஞர் ஜான் க்வின் எடுத்த வழி வேறு. இது யாருக்கும் புரியாத எழுத்து, அருவருப்பு ஊட்டுமே தவிர ஆசையைத் தூண்டாது என்றார் அவர். கேட்கக் கூடாத அந்த வரிகளை ஓர் இளம்பெண் முன்னால் வாசிப்பதா என்று நீதிபதி ஒருவர் தயங்கியதாக ஆண்டர்சன் தம் நினைவுக் குறிப்புகளில் சொல்கிறார். அந்த இளம்பெண்தான் அவற்றை வெளியிட்டவர்! 1921 பிப்ரவரியில் ஆளுக்கு 50 டாலர் அபராதம் விதிக்கப்பட்டது, தொடர் நின்றது. 1933-இல் 'யுலிஸிஸ்' மீதிருந்த தடையை நீக்கிய நீதிபதி உல்ஸியின் தீர்ப்பு மறு ஆண்டு அமெரிக்கப் பதிப்பின் முகப்பிலேயே அச்சாகிப் புகழ்பெற்றது. 'லிட்டில் ரிவ்யூ' 1929-லேயே நின்றுபோயிருந்தது.

லண்டன் கதை இவ்வளவு ஆர்ப்பாட்டமானதன்று. 'ஈகோயிஸ்ட்'டின் மூலம் ஒரு பெண்ணுரிமைப் பத்திரிகை. வாக்குரிமைப் போராளி டோரா மார்ஸ்டன் 1911-இல் 'ஃப்ரீவுமன்' என்று தொடங்கியது, பெயர் மாறி மாறி 1914-இல் 'ஈகோயிஸ்ட்' ஆனது. மருத்துவரின் மகளான வீவர் முதலில் பணம் தந்தார், பிறகு ஆசிரியரானார். இங்கிலாந்துச் சட்டப்படி ஆபாச வழக்கில் அச்சகத்தாரும் குற்றவாளி. ஆகவே அச்சுக் கோப்பவர்களே ஜாய்ஸின் வரிகளை எடுத்துவிட்டார்கள். வீவர் அச்சகத்தை மாற்றினார். நாவலை நூலாக்க உள்ளூரில் அச்சகம் கிடைக்காதபோது, நியூயார்க்கில் அச்சான தாள்களை வரவழைத்து 1917-இல் தாமே வெளியிட்டார். போருக்குப் போன கணவர் ஆல்டிங்டனின் இடத்தில் உதவி ஆசிரியராக இருந்த கவிஞர் ஹெச்.டி.யை அடுத்து எலியட் அந்த நாற்காலிக்கு வந்ததும் இங்கேதான்.

மீண்டும் கத்தரிக்கு வருவோம். 'டயல்' இதழின் ஆசிரியரான மேரியன் மூர் 1926-இல் ஹார்ட் க்ரேனின் கவிதை ஒன்றைச் சுருக்கித் தலைப்பையும் மாற்றிப் போட்ட கதை இன்றும் அவரைக் குறைசொல்ல உதவுகிறது. ஆசிரியராக இருந்த அந்த ஆண்டுகளில் அவர் தம் கவிதை எதையும் வெளியிடவில்லை என்பது அந்தக் கதையோடு சேர்த்துச் சொல்லப்படுவதில்லை.

நவீனத்துவப் பட்டியல்களில் மிகவும் பிந்தி இடம்பெற்றவர் ஜெஸ்ஸி ஃபாசெட். கறுப்பின மக்களின் 'கிரைசிஸ்' இதழில் 1919 முதல் 1926 வரை இலக்கிய ஆசிரியர். ஆறுகளைப் பற்றி லாங்ஸ்டன் ஹியூஸ் எழுதிய கவிதை, அவர் இருபது வயதைத் தாண்டாதபோதே, 1921 ஜூனில் அதில் வந்தது. ஹார்லெம் எழுச்சி இலக்கியத்தைப் பிறப்பித்த மூவரில் ஒருவராக ஹியூஸ் பின்னாளில் அவரைக் குறிப்பிட்டார். 'கிரைசிஸை' விட்டு விலகியபோது ஃபாசெட் பதிப்பகங்களில் வேலை தேடினார். நிறம் தடையானால் வீட்டிலிருந்தே வேலை செய்து தருவதாகவும் எழுதினார். கிடைத்தது பள்ளி ஆசிரியை வேலைதான். ஜாய்ஸைத் தாங்க ஒரு வீவர் இருந்தார். நான்கு நாவல்கள் எழுதிய ஃபாசெட்டுக்கு அப்படி ஒருவர் வாய்க்கவில்லை.

'பொயட்ரி' இன்றும் சிகாகோவிலிருந்து வருகிறது. இந்த இதழ்களில் பலவற்றின் பழைய பிரதிகளைப் பிரௌன், துல்சா பல்கலைக்கழகங்கள் இணைந்து நடத்தும் நவீனத்துவ இதழ்த் திட்டம் இணையத்தில் இலவசமாகப் படிக்க வைத்திருக்கிறது. நம் ஆய்வு மாணவர்கள் எலியட்டைத் தொகுப்பு நூலில் மட்டும் படித்துவிட்டு நின்றுவிடாமல், 1915 ஜூன் 'பொயட்ரி'யை அட்டை முதல் ஆசிரியர் பக்கம், விளம்பரம் வரை ஒரு முறை முழுதாகப் புரட்டட்டும்.