வைக்கோற் கன்று

பழவேற்காட்டுக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் டச்சுக்காரர்களின் கல்லறைகளைப் பார்க்கத்தான் போவார்கள். நானும் அதற்காகத்தான் போனேன். சென்னைக்கு வடக்கே பொன்னேரி வழியாக ஏறத்தாழ 60 கிலோமீட்டர் பிரயாணம். 1613-ல் அவர்கள் கட்டிய கெல்டிரியா கோட்டை இருந்த இடத்தில் இப்போது புதரும் மேடும்தான் இருக்கின்றன. கல்லறைத் தோட்டத்து வாசலில் மட்டும் கல்லில் செதுக்கிய இரண்டு எலும்புக்கூடுகள் வருகிறவர்களை வரவேற்கின்றன. அவற்றைப் பார்த்துவிட்டு, மீன் வாங்கலாம் என்று படகுத்துறைப் பக்கம் வந்தேன்.

மடவை மீன் விற்றுக்கொண்டிருந்தவளுக்கு இருபத்தைந்து வயதிருக்கும். வழக்கம்போல் நான் பேரம் பேசினேன். அவளும் சளைக்கவில்லை. அந்தச் சமயத்தில் எங்கோ ஒரு குழந்தை வீறிட்டு அழுதது. அவள் பேச்சு சட்டென்று நின்றது. முந்தானையை இழுத்து மார்போடு அழுத்திக்கொண்டு குனிந்துவிட்டாள். அவள் ரவிக்கை நனைந்திருந்ததை நான் பார்த்துவிட்டேன் என்று அவளுக்கும் தெரிந்துவிட்டது.

பக்கத்துக் கூடைக்காரக் கிழவிதான் நிலைமையைச் சமாளித்தாள். "பிள்ளையைக் குப்பத்துல மாமியார்கிட்ட விட்டுட்டு வந்திருக்கா ஐயா, மூணு மாசம்தான் ஆவுது. எந்தப் பிள்ளை அளுதாலும் இவளுக்குச் சொரந்துடும்."

அழுதது அவள் குழந்தை அல்ல. அது அவளுக்கும் நன்றாகத் தெரியும். ஆனால் உடம்பு கேட்கவில்லை!

எனக்குச் சிறு வயதில் எங்கள் வீட்டுக்குப் பால் கறக்க வந்தவர் நினைவுக்கு வந்தார். கையில் பசுவின் கயிறு. தோளில் ஒரு கன்று. செத்துப்போன கன்றின் தோலை உரித்து, வைக்கோல் திணித்துத் தைத்த பொம்மை அது. அதைப் பசுவின் முகத்தெதிரே சாய்த்து வைப்பார். பசு அதை நக்கும். சற்று நேரத்தில், அதுவரை எக்கிக்கொண்டிருந்த மடி பாலை விட்டுவிடும். சென்னைத் தெருக்களில் பல தலைமுறைகள் இந்தக் காட்சியைப் பார்த்திருக்கின்றன. அது ஒரு ரசாயன சமாசாரம் என்று யார் நினைத்தார்கள்?

1906-ல் லண்டன் ஆராய்ச்சிச்சாலை ஒன்றில் ஹென்றி டேல் என்ற விஞ்ஞானி, மாட்டின் மூளையடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பியின் பின்பாகத்திலிருந்து எடுத்த சாறு பூனையின் கர்ப்பப்பையைச் சுருங்கச் செய்வதைக் கண்டார். மூன்றே வருஷத்தில், 1909-ல், பிளேர் பெல் என்ற ஆங்கில டாக்டர் அதைப் பிரசவத்தில் பயன்படுத்தினார். அதே சாறு மடியிலிருந்து பாலையும் இறக்குகிறது என்பது அடுத்த ஓரிரு வருஷங்களில் தெரிந்தது. துரிதப் பிரசவம் என்று பொருள்படும் கிரேக்கச் சொற்களிலிருந்து அந்தப் பொருளுக்கு ஆக்ஸிடோசின் என்று பெயர் வந்தது. 1953-ல் அமெரிக்காவில் வின்சென்ட் டு விக்னோ, அது ஒன்பது அமினோ அமிலங்களால் ஆனது என்று காட்டி, அதைச் செயற்கையாகவும் செய்து முடித்தார். 1955-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

பாலை உண்டாக்குவது வேறொரு சுரப்பு நீர். ஆக்ஸிடோசின் செய்வது கதவு திறக்கும் வேலை. குழந்தை வாய் வைத்தால், சில சமயம் அழுகைச் சத்தம் கேட்டாலே போதும், அது ரத்தத்தில் கலந்து, பால் பைகளைச் சுற்றியுள்ள நுண்ணிய தசைகளை இறுக்கிப் பாலை வெளியே தள்ளுகிறது. பயமும் வலியும் அந்தக் கதவை மூடிவிடும். 1948-ல் நியூட்டன் தம்பதிகள் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். பால் கொடுக்கும் தாயின் கவனத்தை வலியாலும் தொந்தரவாலும் கலைத்தபோது குழந்தைக்குக் கிடைத்த பால் குறைந்தது. ஆக்ஸிடோசின் ஊசி போட்டதும் மறுபடி இறங்கியது. பால் வற்றிவிடவில்லை, வழிதான் அடைபட்டிருந்தது. 'பயந்த தாய்க்குப் பால் இறங்காது' என்று பாட்டிமார் சொன்னதில் பொய்யில்லை.

கதவின் சாவி எங்கே என்று தெரிந்துவிட்டால் திருடனும் வருவான் அல்லவா? கன்றில்லாத பசுவின் பின்புறத்தில் காற்றை ஊதிப் பாலை இறக்கும் கொடுமை ஒன்று நம் தேசத்தில் இருந்தது. அதற்கு 'பூக்கா' என்று பெயர். காந்தியடிகள் 1912-ல் பாலைத் துறந்ததற்குக் கல்கத்தா மாட்டுக்காரர்களின் கொடுமைகளைப் பற்றிப் படித்ததும் ஒரு காரணம். பின்னால் அவர் நோயில் படுத்தபோது, ஆட்டுப் பாலுக்கு ஆட்சேபம் இருக்க முடியாதே என்று வழி சொன்னவர் கஸ்தூரிபா. 1960-ம் வருஷத்து மிருகவதைத் தடுப்புச் சட்டம் பூக்காவைக் குற்றமாக்கியது. ஆனால் ஊதுவதற்குப் பதில் ஊசி வந்துவிட்டது. மலிவான ஆக்ஸிடோசின் குப்பி ஒன்று வைக்கோற் கன்றின் வேலையை ஒரு நிமிஷத்தில் முடித்தது.

இதைத் தடுக்க மத்திய அரசாங்கம் 2018 ஏப்ரலில் ஓர் உத்தரவு போட்டது. உள்நாட்டு உபயோகத்துக்கான மருந்தைத் தனியார் யாரும் தயாரிக்கக் கூடாது. ஒரே ஒரு பொதுத்துறைக் கம்பெனிதான் தயாரிக்க வேண்டும் என்றது. பசுவின் மீது இரக்கம் நல்லதுதான். ஆனால் பிள்ளை பெற்ற தாய்க்கு உதிரம் பெருகாமல் காப்பதும் இதே மருந்துதானே? பிரசவமானவுடன் 10 யூனிட் ஊசி போட்டால் கர்ப்பப்பை சுருங்கி உதிரம் கட்டுப்படும். மருந்துக்குத் தட்டுப்பாடு வந்தால் தாய்மார் கதி என்ன என்று வழக்குப் போட்டார்கள். அந்த வருஷம் டிசம்பர் 14-ந் தேதி டில்லி உயர் நீதிமன்றம் தடையை ரத்துச் செய்தது.

இதையெல்லாம் நான் பிற்பாடு படித்தேன். அன்று படகுத்துறையில், பேச்சுவாக்கில் கிழவி சொன்னதுதான் என்னைப் படிக்க வைத்தது.

"எங்க அக்காவுக்கு இப்பிடித்தான் ஐயா, பிள்ளை நல்லாப் பொறந்துடுச்சு. ரத்தம் நிக்கல. படகுல ஏத்திக்கிட்டு வந்தாங்க. பாதி ஏரியிலயே முடிஞ்சு போச்சு. பிள்ளை அவ மார்மேலேயே கெடந்துச்சு."

அவளுக்கு அப்போது பத்து வயதாம். அந்த ஊசி உலகத்தில் இருந்தது. அந்த ஏரிக்கரைக்கு வந்து சேரவில்லை. குளிர்ச்சியில் வைக்க வேண்டிய மருந்து அது. சாலையும் மின்சாரமும் ஆஸ்பத்திரியும் இல்லாத ஊருக்கு நோபல் பரிசினால் என்ன பிரயோசனம்?

இந்நாளில் பத்திரிகைகள் ஆக்ஸிடோசினுக்கு 'அன்புச் சுரப்பு' என்று பெயர் சூட்டியிருக்கின்றன. 1987-ல் கேம்பிரிட்ஜ் பக்கம், பெண்ணாட்டின் மூளைக்குள் இதைச் செலுத்தியபோது, அது தான் ஈனாத குட்டியையும் தன்னுடையது போல ஏற்றுக்கொண்டது. மனிதர் விஷயத்தில் அவ்வளவு எளிதாகச் சொல்லிவிட முடியாது. ஆனாலும் எனக்கு அந்த வைக்கோற் கன்று ஞாபகம் வருகிறது. பசு ஏமாந்தது அசட்டுத்தனத்தாலா? கன்று என்று ஒன்று எதிரே நின்றால் கொடுத்துவிட வேண்டும் என்று அதன் உடம்பு தீர்மானித்திருந்தது. அந்த நல்ல குணத்தை நாம் காசாக்கினோம்.

மீன்காரி நிமிர்ந்தபோது விலையைத் தானே இறக்கினாள். மீதி மீனைச் சீக்கிரம் தள்ளிவிட்டு வீட்டுக்கு ஓட வேண்டும் அவளுக்கு. முதலில் அவள் கேட்ட விலையையே கொடுத்தேன். இதில் தர்மம் ஒன்றுமில்லை. குறைந்த விலைக்கு வாங்கியிருந்தால், நானும் ஒரு வைக்கோற் கன்றைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தவனாகியிருப்பேன்.